திறந்த வாயிலும் எரிந்த அரங்கும்: வாட்ஸ் எழுத்தாளர் பட்டறை (1965–1973)

திரைப்பட வரலாறு பெரும்பாலும் இயக்குநர்களின் வரலாறாகவும் நடிகர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. திரைக்கதை எழுதியவரின் பெயர் அதில் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. அவர் எங்கே எழுதப் பயின்றார், பயில இடம் தந்தவர் யார், அவருடைய முதல் கைப்படியை வாங்கிப் படித்துப் பார்த்தவர் யார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதே அரிது. திரைத்தொழிலில் குடும்பத் தொடர்போ நண்பர் வட்டமோ இல்லாதவர்க்கு இவ்வினாக்களே முதன்மையானவை. ஊதியம் பெறாது கற்பித்த எழுத்தாளர்களும் ஆதாயம் கருதாத அமைப்புகளும் இவ்விடைவெளியை எவ்வளவு தூரம் நிரப்பினர் என்பதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இயங்கிய வாட்ஸ் எழுத்தாளர் பட்டறையின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வாட்ஸ், 1965

வாட்ஸ் என்பது லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் அமைந்த, கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி. 1965 ஆகஸ்டு 11ஆம் நாள் மாலை ஓர் இளைஞரை நெடுஞ்சாலைக் காவலர் கைது செய்ததையொட்டி அங்கே எழுந்த கலவரம் ஆறு நாள் நீடித்தது. 34 பேர் இறந்தனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்; ஏறத்தாழ 4 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் அழிந்தன. வணிகத் தெருவாகிய 103ஆம் தெரு எரிந்து கரியாயிற்று. கலவரத்தின் காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட மக்கோன் குழு, வேலையின்மை, தரக்குறைவான பள்ளிகள் ஆகியவற்றை அவ்வாண்டு டிசம்பரில் அளித்த அறிக்கையில் சுட்டியது. எழுத்தைப் பற்றி அக்குழு பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் இதே நகரின் மற்றொரு பகுதியில் உலகெங்கும் திரையிடப்படும் கதைகள் நாள்தோறும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன என்பதும், அவற்றை எழுதுவோருள் வாட்ஸைச் சேர்ந்தவரைக் காண்பது அரிது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கவை.

கறுப்பின எழுத்தாளர் ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியதே இல்லை என்பது பொருளன்று. 1939இல் 'வே டவுன் சவுத்' படத்தின் எழுத்தில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் பங்கேற்றார். 1961இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரி தம் நாடகத்துக்குத் தாமே திரைக்கதை எழுதினார். ஆனால் இவர்கள் ஏற்கெனவே புகழ்பெற்றவர்கள். புகழ் பெறாத ஒருவர் எழுதிப் பழகவும், எழுதியதைக் காட்டவும் வழி இருந்ததா என்பதே ஈண்டு வினா.

ஷூல்பர்க் ஒட்டிய அறிவிப்பு

கலவரம் ஓய்ந்த சில நாள்களில் வாட்ஸுக்குச் சென்றவர் திரைக்கதை ஆசிரியர் பட் ஷூல்பர்க் (1914–2009). பாரமவுண்ட் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவராக இருந்தவரின் மகனாகிய அவர், ஹாலிவுட்டின் உள்வாயில் வழியே வளர்ந்தவர். 1941இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல், பிறர் எழுத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டு திரையுலகில் மேலேறும் ஒருவனைப் பற்றியது. திரை எழுத்தாளர் சங்கம் உருவான போராட்டமும் அந்நாவலில் இடம்பெறுகிறது. 'ஆன் தி வாட்டர்பிரண்ட்' (1954) படத்தின் எழுத்துக்காக அவர் ஆஸ்கர் பரிசு பெற்றார்.

அவரைப் பற்றிய எந்த ஆய்வும் கடந்து செல்ல முடியாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1951இல் 'அமெரிக்க விரோத நடவடிக்கைகள்' குறித்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் சாட்சியமளித்த அவர், தம்முடன் பொதுவுடைமைக் கட்சியில் இருந்த எழுத்தாளர் சிலரின் பெயர்களைக் கூறினார். பெயர் கூறப்பட்டோர்க்கு ஹாலிவுட்டின் வாயில் அடைபட்ட காலம் அது. சங்கமும் அவர்களைக் காக்கவில்லை. விசாரணைக் குழுவுக்குப் பணியாத எழுத்தாளரின் பெயரைப் படத்திலிருந்து நீக்கும் உரிமையை 1952இல் தயாரிப்பாளர்க்கு விட்டுக்கொடுத்தது.

இதனால் ஷூல்பர்க்கின் வாட்ஸ் பணியைக் கழுவாய் எனக் கொள்வோர் உளர். இக்கருத்து ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. தம் சாட்சியத்துக்காக அவர் வருந்தியதில்லை. இறுதிவரை அதனை நியாயப்படுத்தியே பேசினார். அவர் கூறிய காரணமே வேறொரு விளக்கத்துக்கு வழி காட்டுகிறது. தம் முதல் நாவலை எப்படி எழுத வேண்டும் எனக் கட்சியினர் நெறிப்படுத்த முயன்றதே தாம் விலகக் காரணம் என்றார் அவர். எழுதுவோனுக்குப் பொருளும் போக்கும் பிறர் வகுத்துத் தருவதை வெறுத்த ஒருவர், வாட்ஸில் கற்பிக்க வந்தபோது பாடத்திட்டம் எதையும் கொண்டுவரவில்லை. வந்தவர் கவிதை எழுதினால் கவிதையையும், கட்டுரை எழுதினால் கட்டுரையையும், நாடகம் எழுதினால் நாடகத்தையும் கேட்டார். பட்டறையின் இயல்பைத் தீர்மானித்தது இதுவே எனக் கருத இடமுண்டு. 1951இன் செயலை இது குறைத்துவிடாது என்பதையும் உடன் கூற வேண்டும்.

பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் சார்பில் வாட்ஸில் நடைபெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், படைப்பெழுத்து வகுப்பில் சேர விரும்புவோர் கீழே பெயர் எழுதுக என்று ஓர் அறிவிப்பை அவர் ஒட்டினார். பல வாரங்கள் ஒருவரும் பெயரெழுதவில்லை. ஹாலிவுட்டிலிருந்து வந்த வெள்ளையர் ஒருவரை அப்பகுதி மக்கள் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. அவர் மட்டும் வாரந்தோறும் வந்து காத்திருந்தார். பிறகு ஒருவர் வந்தார்; அவரைத் தொடர்ந்து மற்றவர் வந்தனர். தன்னார்வப் பணியின் வரலாறுகள் பெரும்பாலும் கற்பித்தவரின் ஈகையிலிருந்து தொடங்குகின்றன. இங்கோ, காத்திருத்தலே ஈகையாக இருந்தது. தொடங்கி வைத்தவர்கள் வந்தவர்களே.

டக்ளஸ் இல்லம்

வந்தவர்களின் நிலை பட்டறையின் வடிவத்தை மாற்றியது. இரவில் தங்க இடமில்லாதவர்களும் உணவுக்கு வழியில்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர். எழுதுவதற்கு மேசையும் அமைதியும் வேண்டும் என்பது வசதியுள்ளோர்க்குத் தோன்றாத உண்மை. முதலில் நலச் சங்கத்தின் அறையிலும், பின்னர் அறைகலன் கடையாக இருந்து காபிக் கூடமாக மாற்றப்பட்ட இடத்திலும் கூடிய பட்டறை, 1966இல் பீச் தெருவில் ஒரு வீட்டை எடுத்து அதனைத் தங்குமிடமாகவும் ஆக்கிக்கொண்டது. அடிமை நிலையிலிருந்து தப்பி எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸின் பெயர் அவ்வீட்டுக்கு இடப்பட்டது.

வீட்டுக்குச் செலவு உண்டு. ஷூல்பர்க் எழுத்தாளர் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். ஜான் ஸ்டைன்பெக், ஜேம்ஸ் பால்ட்வின் முதலியோர் உதவினர். இதனை நடத்த ஆதாயம் கருதாத அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. 1965இல்தான் தோற்றுவிக்கப்பட்ட தேசியக் கலை நல்கை அமைப்பின் உதவியும் அதற்குக் கிடைத்தது. தனியொருவரின் வகுப்பு, தேவாலயம் சார்ந்த ஒரு சங்கம், எழுத்தாளர்களின் நன்கொடை, அரசின் நல்கை என நான்கு வகை ஆதரவும் ஓராண்டுக்குள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அனைத்தும் ஒருவருடைய பெயரையும் தொடர்பையும் நம்பியே வந்தன என்பது இதன் வலிமை. அதுவே இதன் வலுவின்மையும்.

1966 ஆகஸ்டில், கலவரம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவுற்றபோது, என்.பி.சி. தொலைக்காட்சி பட்டறையினர் தம் படைப்புகளைப் படித்த ஒரு மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. 'வாட்ஸின் சினந்த குரல்கள்' எனப் பொருள்படும் தலைப்பு அந்நிகழ்ச்சிக்கு இடப்பட்டது. அவ்வாண்டிலேயே நகரச் சிக்கல்களை ஆராய்ந்த செனட் துணைக்குழுவின்முன் பட்டறையின் ஹாரி டோலனும் ஜானி ஸ்காட்டும் ஷூல்பர்க்குடன் சென்று பேசினர். 1967இல் பட்டறையினரின் எழுத்துகளை ஷூல்பர்க் தொகுத்து நூலாக்கினார்.

இவற்றுள் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது டோலனின் எழுத்து வாழ்க்கை. துப்புரவுத் தொழிலாளராகப் பணியாற்றிய அவர் எழுதிய 'லூசர்ஸ் வீப்பர்ஸ்' என்னும் தொலைக்காட்சி நாடகத்தை 1967இல் என்.பி.சி. ஒளிபரப்பியது. அறிவிப்புப் பலகையிலிருந்து தேசிய ஒளிபரப்புக்கு ஒன்றரை ஆண்டுக்குள் ஒருவர் சென்று சேர்ந்தார் என்பது சிறிய செய்தியன்று. எனினும் தொலைக்காட்சி நிறுவனம் வாட்ஸிடம் எதிர்பார்த்தது வாட்ஸைப் பற்றிய கதையையே. சினம் என்னும் ஒரு சுவைக்குள் அடங்காத எழுத்தும் அங்கே பிறந்தது என்பதற்கு 1967இல் பட்டறையில் சந்தித்து இசையோடு கூடிய கவிதை வாசிப்பை வளர்த்த 'வாட்ஸ் பிராபெட்ஸ்' குழுவினரும், அங்கு வந்து சேர்ந்து 1968இல் வாட்ஸ் கவிஞர் தொகுப்பை வெளியிட்ட குவின்சி ட்ரூப்பும் சான்றாவர். 'சினந்த குரல்' என்னும் தலைப்பு கதவைத் திறந்தது. திறந்த கதவின் அகலத்தையும் அதுவே வரையறுத்தது.

சங்கத்தின் வாயில்

தொழிற்சங்கமும் இக்காலத்தில் அசையாதிருக்கவில்லை. 1933இல் தோன்றிய திரை எழுத்தாளர் சங்கத்தின் வழிவந்த அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் மேற்குப் பிரிவோடு தொடர்புடைய அறக்கட்டளை 1966இல் நிறுவப்பட்டது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க எழுத்தாளர்க்காகச் சங்கம் நடத்திய 'திறந்த வாயில்' என்னும் பயிலரங்கில் சங்க உறுப்பினர்களே கற்பித்தனர். 1969 மார்ச்சில் வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையம் லாஸ் ஏஞ்சலிஸில் விசாரணை நடத்தித் திரைத்தொழிலின் பணியமர்த்தல் முறைகளைக் கண்டித்தது. இத்தகைய சூழலில் நடைபெற்ற அப்பயிலரங்கை ஈகை என்று மட்டும் கொள்ள இயலாது. கடமையும் நெருக்கடியும் அதில் கலந்திருந்தன.

1969–70இல் அங்குப் பயின்றவருள் ஒருவர் ஆக்டேவியா பட்லர் (1947–2006). பசடேனாவில், வீட்டு வேலை செய்து குடும்பம் காத்த தாயால் வளர்க்கப்பட்டவர். அவருடைய ஆசிரியராக இருந்த ஹார்லன் எலிசன், அவரது ஆற்றல் திரைக்கதையில் அன்று, புனைகதையில் உள்ளது எனக் கண்டார். பென்சில்வேனியாவின் கிளாரியனில் நடைபெற்ற அறிவியல் புனைகதைப் பயிலரங்குக்குச் செல்லுமாறு கூறி, செலவில் ஒரு பகுதியையும் தாமே அளித்தார். 1970இல் ஆறு வாரம் அங்குப் பயின்ற பட்லரின் முதல் கதை 1971இல் அச்சேறியது. 'கிண்ட்ரெட்' நாவல் 1979இல் வந்தது.

பரிசில் பெற்றோன் பெறாதோனுக்கு வழி காட்டுவதை ஆற்றுப்படை எனத் தொல்காப்பியம் இலக்கணப்படுத்துகிறது. ஆற்றுப்படுத்தும் புலவன் தன் புரவலனிடத்துக்கே வழி கூறுவான். எலிசன் தம் வாயிலை விட்டு வேறொரு வாயிலுக்கு வழி கூறினார். திரைக்கதை ஆசிரியரை உருவாக்கும் நோக்கத்தோடு நடைபெற்ற பயிலரங்கின் மிகச் சிறந்த விளைவு ஒரு நாவலாசிரியர் என்பதைக் குறையாகக் கணக்கிடும் ஆய்வாளர், பயிற்சி என்பதன் பொருளை மிகக் குறுக்கிவிடுகின்றனர். 'கிண்ட்ரெட்' 2022இல் தொலைக்காட்சித் தொடராயிற்று. அப்போது பட்லர் இல்லை.

தீ

1971இல் ஷூல்பர்க் நியூயார்க்கில் ஃபிரெட் ஹட்சனுடன் இணைந்து ஃபிரெடரிக் டக்ளஸ் பெயரிலேயே ஒரு கலைமையம் நிறுவினார். வாட்ஸ் பட்டறை தன் எழுத்தாளர்களின் பொறுப்பிலேயே தொடர்ந்து, தனக்கென ஓர் அரங்கத்தையும் பெற்றிருந்தது. 1973இல் அவ்வரங்கம் தீக்கிரையாயிற்று.

விபத்து என எண்ணத்தக்க இந்நிகழ்ச்சியின் பின்னணி சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. பட்டறைக்குள் உதவியாளராகப் பழகிய டார்ட்ஹார்ட் பெரி என்பவர், தாம் எஃப்.பி.ஐ. அமைப்பின் உளவாளியாக அங்கிருந்ததையும், கருவிகளைப் பழுதாக்கியதையும், இறுதியில் தீ வைத்ததையும் தாமே கூறினார். கறுப்பின இயக்கங்களைச் சிதைக்க அவ்வமைப்பு நடத்திய மறைமுகத் திட்டம் 1971இல் முடித்துக்கொள்ளப்பட்டதாகச் சொல்லப்பட்ட பின்னர் நிகழ்ந்தது இது. அரசின் ஒரு கை நல்கை அளித்த இடத்துக்கு மற்றொரு கை உளவாளியை அனுப்பியிருந்தது. உளவாளி வந்ததும் தன்னார்வத் தொண்டர் என்னும் உருவில்தான். வருவோர் எவரையும் வினவாது ஏற்பது இத்தகைய பட்டறையின் அடிப்படை. எட்டாண்டுக்கு முன் ஷூல்பர்க்கை ஏற்றதும் அதே அடிப்படையில்தான்.

அரங்கம் எரிந்தது, பயின்றோர் பல திசைகளில் சென்றனர். வாட்ஸில் பிறந்து, அப்பகுதியின் பட்டறைகளில் எழுதிப் பழகிய கவிஞர் வாண்டா கோல்மன் 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரின் எழுத்தாளருள் ஒருவராக 1976இல் எம்மி பரிசு பெற்றார். ஆஸ்கரின் எழுத்துப் பிரிவில் கறுப்பினத்தவர் முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்டது 1972ஆம் ஆண்டுப் படங்களுக்காக. அப்பிரிவில் முதன்முதலாகப் பரிசு பெற்றவர் ஜெஃப்ரி ஃபிளெட்சர், 2010இல். செனட் துணைக்குழுவின்முன் பேசிய ஜானி ஸ்காட், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபின், லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜில் உள்ள கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அங்கே மாணவர்க்கு எழுத்துப் பயிற்சி அளித்தார்.