ஐயமும் திரிபும்: காலநிலை மாற்ற மறுப்பின் வரலாறு

காட்சியின் குற்றங்களை ஆராய்ந்த அளவை நூலார் ஐயத்தையும் திரிபையும் வேறுபிரித்தே கூறினர். கயிறோ பாம்போ எனத் துணியாது நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. ஐயம் ஆராய்ச்சிக்கு வாயிலாகவும் அமையும். ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், தெளிந்த உண்மையை மறைத்தற்பொருட்டு ஐயத்தையே திட்டமிட்டு உற்பத்திசெய்யும் முயற்சியொன்று தோன்றிற்று. ஐயத்தின் கோலம் பூண்ட திரிபு அது எனலாம்.

இதன் தோற்றுவாய் புகையிலைத் தொழிலாகும். 1950 இல் றிச்சட் டோல், பிறட்பேட் ஹில் ஆகிய பிரித்தானிய ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமிடையேயுள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். 1953 டிசம்பரில் அமெரிக்கப் புகையிலைக் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க்கிற் கூடி, பொதுசனத் தொடர்பு நிறுவனமொன்றின் துணையை நாடினர். 1954 ஜனவரி 4 ஆம் திகதி நானூறுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களது கூட்டறிக்கை வெளியாயிற்று. தொடர்பு நிறுவப்படவில்லை, மேலும் ஆராய்ச்சி வேண்டும் என்பதே அதன் சாரம். உண்மையை வெல்லுதல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. முடிவைத் தள்ளிப்போடுதலே போதுமாயிருந்தது.

அதே உபாயம் பின்னர் காலநிலை விஞ்ஞானத்தின்மீது ஏவப்பட்டது. வளிமண்டலத்திற் காபனீரொட்சைட்டுப் பெருகின் புவி வெப்பமுறும் என்பதை 1896 இலேயே சுவீடன் நாட்டு அரேனியஸ் கணித்திருந்தார். 1958 இல் சாள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவில் அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காயிருந்த அவ்வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. எக்சோன் எண்ணெய்க் கம்பனியின் தலைமைக்கு அதன் சொந்த விஞ்ஞானி ஒருவரே 1977 இல் இவ்வாபத்தை விளக்கினார். அக்கம்பனியின் ஆய்வாளர் அக்காலத்திற் செய்த வெப்ப மதிப்பீடுகளிற் பெரும்பாலானவை பிற்கால அளவீடுகளுடன் ஒத்திருந்தமையை 2023 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு நிறுவியது.

1988 இல் ஜேம்ஸ் ஹான்சன் அமெரிக்க செனற் குழுவின்முன் சாட்சியமளித்தார். மறு ஆண்டே எண்ணெய், நிலக்கரி, மோட்டார்த் தொழிலதிபர்கள் 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்னும் அமைப்பை நிறுவினர். வெளியே விஞ்ஞானம் உறுதியற்றது எனப் பிரசாரஞ் செய்த அவ்வமைப்புக்காக 1995 இல் தயாரிக்கப்பட்ட உள்ளக வரைவு, பச்சைவீட்டு விளைவின் விஞ்ஞான அடிப்படை மறுக்கவியலாதது என ஒப்புக்கொண்டமை ஈண்டு நோக்கற்பாலது. புகையிலைக் கம்பனியொன்றின் ஆராய்ச்சி நிதிக்கு 1979 முதல் ஆலோசகராயிருந்த பௌதிகவியலாளர் பிரெடறிக் சைற்ஸ், 1998 இல் கியோற்றோ உடன்படிக்கைக்கு எதிரான மனுவுக்கும் துணைநின்றார். ஈரியக்கங்களும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதற்கு இதுவுமொரு சான்று. 2001 இல் அமெரிக்கா அவ்வுடன்படிக்கையைக் கைவிட்டது. பணிமுடிந்த கூட்டணி 2002 இற் கலைந்தது.

இவ்வுபாயத்தின் பிற்கால வடிவத்தைக் கொழும்பிலேயே காணலாம். கொட்டாஞ்சேனைக்கு அருகே, கொழும்பு 15 இல், தலைமையகத்தைக் கொண்ட இலங்கைப் புகையிலைக் கம்பனி, பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் துணை நிறுவனமாகும். சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெறல் வேண்டுமென 2012 இற் சுகாதார அமைச்சு விதித்தபோது, கம்பனி நீதிமன்றத்தை நாடிற்று. 2014 மே மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 50 முதல் 60 வீதமாகக் குறைத்தது. 2015 இற் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பின்னரே, அவ்வாண்டு ஜூன் முதல் 80 வீதம் நடைமுறைக்கு வந்தது. வழக்காடுதல் எவருக்குமுரிய உரிமையே. ஆயினும், நோய் உண்டா என்ற வினா ஓய்ந்த பின்னரும், படத்தின் பரப்பு எவ்வளவு என்ற வினா ஏறத்தாழ மூன்றாண்டுகளை ஈட்டித் தந்தது. இலாபத்தின் அலகு காலமே என்பது இதனாற் புலனாகும்.

எனினும் இரண்டிற்கும் அடிப்படை வேறுபாடொன்றுண்டு. சிகரெட்டின் தீங்கிற் பெரும்பகுதி புகைப்பவனையும் அவனை அண்டியோரையும் சேர்கிறது. புவிவெப்பத்தின் தீங்கோ அதனை விளைத்தோரைவிட விளையாதோரையே பெரிதும் தாக்குகிறது. இலங்கையரொருவர் ஆண்டொன்றில் வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். அமெரிக்கரொருவர் வெளியிடுவது அதன் பத்து மடங்குக்கும் மேல். வெள்ளவத்தையிற் கடலுக்கும் புகையிரதப் பாதைக்குமிடையே நிற்பது கருங்கல் அணை மட்டுமே. 2016 மே மாதத்திற் களனி கங்கை பெருகியபோது கொழும்பின் தாழ்நிலங்களிற் பல்லாயிரவர் வீடிழந்து அகன்றனர். தனியொரு வெள்ளத்தைப் புவிவெப்பத்தின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. எனினும் கடல்மட்டம் உயர்தலும் பெருமழை மிகுதலும் இத்தகைய நிலங்களின் இடரைப் பெருக்குவன.

உண்மையான ஐயம் சான்று கிடைத்தவிடத்து அடங்கும். எவ்விடத்து எவ்வளவு மழை பெய்யும், கடல் எவ்வளவு விரைவில் உயரும் என்பன விஞ்ஞானிகள் இன்றும் ஆராயும் வினாக்கள். விலைக்கு வாங்கப்பட்ட ஐயமோ, எச்சான்று வரினும் மற்றொன்று கேட்கும். இவ்விரண்டையும் பகுத்துணர்தற்குக் கருத்தை மாத்திரம் ஆராய்தல் போதாது; அதனைப் பரப்புதற்குப் பொருளீந்தோர் யாவர், தாமதத்தாற் பயன்பெறுவோர் யாவர் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். வரலாற்று மாணவர் இதிற் செய்யத்தக்க பணி இதுவே.