கம்பி வழி வைத்தியமும் நம் குழந்தைகளும்

வைத்தியர் ஓரிடத்திலும் நோயாளி வேறோரிடத்திலும் இருக்க, இடையே டெலிபோன் ஒன்றே பாலமாய் நின்று வைத்தியம் நடைபெறுவது நேற்றுப் பிறந்த புதுமை என்று நம்மில் பலர் எண்ணியிருக்கின்றனர். 2020-ம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் உலகத்தாரை வீட்டுக்குள் பூட்டிவைத்தபோதுதான் இம்முறை தோன்றியதென்பது அன்னவர் கருத்து. சரித்திரம் வேறு சொல்லுகின்றது.

கிரஹாம் பெல் டெலிபோனுக்கு உரிமை பெற்றது 1876-ல். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1879-ல், லண்டனில் வெளியாகும் 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகை, அமெரிக்காவில் நடந்ததாக ஒரு செய்தியை வெளியிட்டது. இளந்தாயொருத்தி நள்ளிரவில் தன் அன்னையை டெலிபோனில் எழுப்பி, குழந்தைக்குக் 'குரூப்' கண்டுவிட்டதென்று பதறுகிறாள். குரல்வளை வீங்கி, நாய் குரைப்பதையொத்த இருமலோடு மூச்சை அடைக்கும் நோய் அது. பாட்டி குடும்ப டாக்டரை எழுப்புகிறாள். அவரோ, குழந்தையை டெலிபோனருகே தூக்கிப் பிடித்து இருமச் செய்யும்படி தாய்க்குக் கட்டளையிடுகிறார். குழந்தை இருமுகின்றது. இது குரூப் அன்று என்று சொல்லி, வீட்டைவிட்டு வர மறுத்து, பாட்டியையும் உறங்கச் சொல்லிவிடுகிறார் டாக்டர். செய்தியை எழுதியவர் சற்று வேடிக்கையாகவே எழுதியிருக்கின்றார். ஆயினும், தூரத்து வைத்தியத்தின் முதல் நோயாளிகளுள் ஒன்று கைக்குழந்தை என்பதும், அக்குழந்தையை டாக்டரின் காதுக்குக் கொண்டு சேர்த்தது தாயின் கையே என்பதும் நாம் மறக்கத்தக்கனவல்ல.

அடுத்து ஆஸ்திரேலியாவைக் காண்போம். அந்நாட்டின் உட்பகுதியில் ஒரு பண்ணைக்கும் மறு பண்ணைக்கும் இடையே மைல் கணக்கில் வெறும் புழுதி. ஜான் பிளின் என்னும் பாதிரியார் முயற்சியால் 1928-ல் குயின்ஸ்லாந்திலுள்ள குளோன்கரியிலிருந்து டாக்டரை ஆகாய விமானத்தில் அனுப்பும் ஏற்பாடு தொடங்கிற்று. விமானத்தை அழைப்பது எவ்வாறு? ஆல்பிரட் டிரேகர் என்பார், சைக்கிள் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் கம்பியில்லாத் தந்திக் கருவியொன்றைச் செய்து கொடுத்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளுக்குச் சென்றது. பின்னர் மருந்துப் பெட்டிகளும் வைக்கப்பட்டன; பெட்டியில் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். இன்ன இலக்கம், இத்தனை தடவை என்பார் டாக்டர். மருந்தின் பெயரறியாத தாயும் தவறின்றி எடுத்துக் கொடுக்கலாம். இந்தப் பெட்டியை நாம் மிகவும் மெச்சுகிறோம். டாக்டரின் பாஷையைத் தாய் கற்றுவரட்டும் என்று காத்திராமல், தாய்க்கு விளங்கும்படி வைத்தியம் இறங்கி வந்ததன்றோ!

நிற்க. மலேசியா 1997-லேயே தொலை வைத்தியத்திற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு பிறந்தபோதும் அச்சட்டம் அமலுக்கு வந்தபாடில்லை. சட்டம் உறங்கிக்கிடக்க, டெலிபோன் விழித்துக்கொண்டது. சொறி சிரங்கைப் படம் பிடித்து அனுப்பினர். பேதி கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரை நீர் எவ்வளவு என்று கேட்டறிந்தனர். ஒருநாள் கூலியும் பஸ் சத்தமும் மிஞ்சின. இது சிறு நன்மையன்று. ஆனால் காதுக்குள் நோக்கவும், வயிற்றை அழுத்திப் பார்க்கவும், ஊசி போடவும் டெலிபோனுக்குக் கையில்லை. 2020-ல் உலகெங்கும் சுமார் 2 கோடியே 30 லட்சம் குழந்தைகள் வழக்கமான தடுப்பூசிகளை முழுமையாகப் பெறவில்லையென்று உலகச் சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் கணக்கிட்டன.

நாம் கணக்கெழுதும் தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை. அக்கட்டுப்பாட்டு நாளொன்றில், லயத்திலிருந்து ஒரு தாய் இரண்டு வயதுப் பிள்ளையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்து, பட்டணத்து டாக்டரிடம் பேசித்தரும்படி வேண்டினாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "பிள்ளைக்கு ராத்திரி முச்சூடும் இழுப்புங்க" என்றாள் அவள். ஆங்கிலம் கற்ற நாமோ, இருமலும் சளியும் என்று மொழிபெயர்த்தோம். டாக்டர் அதற்கேற்ற மருந்தைச் சொல்லி முடிக்கலானார். எப்படியோ அவளுக்கு அது விளங்கிவிட்டது. "இருமல் இல்லீங்க கிராணி ஐயா, நெஞ்சு இழுக்குது!" என்று கூறி, பிள்ளையின் சட்டையை உயர்த்தி, டெலிபோன் திரைக்கு நேரே மார்பைக் காட்டினாள். மூச்சுக்கு மூச்சு விலாவுக்கடியில் தோல் குழிந்தது. டாக்டரின் குரல் மாறிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். தோட்டத்து லாரியில், வழித்தடுப்பில் போலீசாரிடம் காரணம் சொல்லிக் கொண்டுசென்றோம். நான்காம் நாள் பிள்ளை திரும்பி வந்தது. அவள் வாய் திறவாதிருந்திருப்பின் நாம் எழுதும் கணக்கு வேறாயிருக்கும். இழுப்பு என்ற சொல்லுக்கு ஆங்கிலம் என்னவென்று நாம் அகராதியில் தேடியது அன்றிரவுதான்.

அதன் பின்னர் ஆபீஸ் சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டினோம். இருமலுள்ள குழந்தை ஒரு நிமிஷத்தில் விடும் மூச்சு, இரண்டு மாதத்திற்குட்பட்டதாயின் 60, ஒரு வயதுக்குட்பட்டதாயின் 50, ஐந்து வயதுக்குட்பட்டதாயின் 40, அல்லது அதற்கு மேற்பட்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். மார்பு உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். இவை உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் வகுத்தவை. லயத்துப் பெண்கள் பலர் அவற்றைத் தத்தம் வீட்டுக் காலண்டர்களில் எழுதிக்கொண்டனர். பிள்ளை அழும்போது எப்படி எண்ணுவது என்று ஒரு பாட்டி கேட்டாள். அழுகை ஓய்ந்து அமைதியாயிருக்கும்போதோ உறங்கும்போதோ, கடிகாரத்தைப் பார்த்து, முழு ஒரு நிமிஷம் எண்ணவேண்டும் என்றோம். அவள் வீட்டில் கடிகாரமில்லை. ஆபீசிலிருந்த பழைய கடிகாரமொன்று அவள் வீட்டுச் சுவரேறியது.