வழிச்சாப்பாடு (ஏ-9 வீதி, வன்னி)

வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையே ஏ-9 வீதியில் பயணிகள் இறங்கி உண்ணும் வழக்கம். அதையொட்டி எழுந்த கடைகளையும் குறிக்கும். ஓமந்தைக்கு வடக்கே, நெடுங்கேணிப் பாதை பிரியும் புளியங்குளம் இதன் தரிப்பிடங்களுள் ஒன்று.

மாட்டுவண்டிக் காலத்தில் வழிப்போக்கர் கட்டுச்சோற்றையும் குளக்கட்டு நிழலையும் நம்பினர். அதிகாரிகளுக்கு வாடிவீடுகள் இருந்தன. 1905இல் ரயில் பாதை யாழ்ப்பாணத்தை எட்டியது.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவது மரபு. முருகண்டி, முறுகண்டி என்றும் எழுதுவர்; எது மூலப்பெயர் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சூடாறாத கச்சானின் கோது பஸ் தரையில் யாழ்ப்பாணம்வரை கூடவே வரும்.

1997 மே 13இல் இலங்கை இராணுவம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையில் புளியங்குளம் போர்முனையாயிற்று.

2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்து, போரால் மூடிக்கிடந்த வீதி திறந்தபின், வழிச்சாப்பாடு தனி வாழ்வு பெற்றது. ஓமந்தையில் இராணுவச் சோதனை, சூனியப் பிரதேசம், பின்னர் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சோதனை, வரி. பொதியைப் பிரித்துக் காட்டி வரிசையில் நின்றவருக்குப் பசி இயல்பு. 1996இல் கொழும்பு கடிகாரத்தை முன்தள்ளியபோது புலிகள் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டதால், எல்லை தாண்டியவரின் கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னே போகும். தெற்கே தவறவிட்ட மதியச் சாப்பாட்டுவேளை வடக்கே மறுபடி கிடைத்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்ப, இந்த விநோதம் மறைந்தது. கிளிநொச்சியில் புலிகளின் நிர்வாகத்திலிருந்த பாண்டியன் சுவையூற்று பயணிகளிடையே பேர்பெற்றது. பேக்கரி ‘வெதுப்பகம்’ ஆனது, ஐஸ்கிரீம் ‘குளிர்களி’ ஆனது. வெதுப்பகம் இன்றும் பெயர்ப்பலகைகளில் உண்டு. குளிர்களி அவ்வளவு ஒட்டவில்லை. சோற்றுக்குக் குளத்து மீன் குழம்பு வழக்கம். திலாப்பியாவை இப்பகுதியினர் ‘ஜப்பான் மீன்’ என்பர்; அது ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம் என்பது குழம்பின் ருசியைக் குறைத்ததில்லை.

2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் திறந்தது. 2014 ஒக்டோபரில் ரயிலும் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்ததால் வழியில் இறங்காமலே போவோர் பெருகினர்.

வட மாகாண சபைக் காலத்தில் (2013–2018) பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் தோன்றின. தெற்கில் இதே திட்டத்துக்கு வழங்கிய ‘ஹெல போஜுன்’ என்ற சிங்களப் பெயரை இங்கும் இடுவதா என்பதில் சர்ச்சை எழுந்தது. வழக்கில் நிற்பது அம்மாச்சியே. தோசையும் குரக்கன் பலகாரமும் மலிவு விலையில் கிடைக்கின்றன.