அரைப்பேரும் முழு மனிதரும்: மலையகத் தோட்டங்களில் உடலியலாமையின் வரலாறு குறித்த சில சிந்தனைகள்

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாறு இதுகாறும் உழைப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காடழித்த கைகளையும் கொழுந்து கொய்த விரல்களையும் பற்றி நாம் நிறையவே எழுதியுள்ளோம். ஆனால் அதே லயக் காம்பராக்களிலே, பெரட்டுக் களத்திற்குச் செல்ல இயலாது வாழ்ந்தோரும் இருந்தனர். கண்ணொளி இழந்தோர், செவிப்புலன் அற்றோர், சரிவில் வீழ்ந்து கால் முடங்கியோர், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆகியோரின் வரலாறு யாது? அதனை விதியின் கணக்கிலே எழுதிவிடுவது எளிது. அவ்வாறு செய்தல் ஆய்வாகாது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

இருவேறு நிகழ்ச்சிகள் 1867ஆம் ஆண்டில் ஒருங்கே நிகழ்ந்தன. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். கார்ல் மார்க்சின் 'மூலதனம்' முதற் பாகம் வெளிவந்தது. உழைப்போரின் சேமப் படையை ஆராயும் மார்க்ஸ், அதன் அடித்தளத்தில் விபத்தால் உறுப்பிழந்தோரையும் நோயுற்றோரையும் கைம்பெண்களையும் காண்கின்றார். முதலாளித்துவம் தான் தேய்த்த உடல்களின் பராமரிப்புச் செலவைப் பெரும்பாலும் உழைப்போர் தோள்களிலேயே ஏற்றிவிடுகின்றது என்பது அவர்தம் கருத்து. இலங்கைத் தோட்டங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று அது. எனினும் அவற்றுக்கு முற்றும் பொருந்துவது.

தோட்ட மொழியிலே இதற்குச் சான்று உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய பதிவு 'பேர்' எனப்படும். கொய்த கொழுந்தின் நிறை நியமித்த அளவை எட்டாவிடின் அன்றைக்கு 'அரைப்பேர்'. நாட்கூலியைக் குறிக்கும் சொல்லும் மனிதனின் பெயரைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாயிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. அளவை எட்டாதவர் அரை மனிதராகின்றார். வேலைக்கே வர இயலாதவர் பேரற்றவராகின்றார். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் மலைநாட்டில் நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நிருணயிக்கப்பட்டது. உடலைத் தரம் பிரித்து விலையிடும் இவ்வொழுங்கிலே, வேலை செய்ய இயலாத உடலுக்கு இடமேதும் இருக்கவில்லை.

சட்டங்களும் இதே தருக்கத்தைப் பின்பற்றின. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இலேயே வந்தது. 1912இல் அது புதுப்பிக்கப்பட்டது. நோயாளியை மீண்டும் வேலைக்களத்திற்கு அனுப்புவதே இவற்றின் முதன்மை நோக்கு எனலாம். மீண்டு வரமாட்டாதவரைப் பற்றிய கேள்வி எழவில்லை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் ஒரு முன்னேற்றமே. இழந்த உறுப்புக்கு முதலாளியைப் பொறுப்பாளியாக்கியது அது. எனினும் உழைப்பாற்றல் எத்தனை வீதம் குறைந்தது என்பதே அங்கும் அளவுகோலாயிற்று. பல்லாண்டு கூடை சுமந்து மெல்ல மெல்லத் தேய்ந்த முதுகு, விபத்து எனும் வரையறைக்குள் எளிதில் அடங்குவதன்று.

அரசோ வேறொரு பேரையும் பறித்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் மலையகத் தமிழருட் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கின. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. உறவுகள் கடலின் இருபுறமும் சிதறியபோது, பிறர் துணையின்றி வாழ இயலாதோரே பெரிதும் நலிந்திருப்பர் என்பதை ஊகித்தறிய அரிய ஆதாரம் வேண்டியதில்லை. நாடற்றோர் சிக்கலின் எச்சங்களைத் தீர்க்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

இந்நிலையில் பாரம் முழுவதும் குடும்பத்தின் மீதே, அதிலும் பெண்ணின் மீதே வீழ்ந்தது. கொழுந்துக்குச் சென்றால் பிள்ளையைப் பார்ப்பார் இல்லை. பிள்ளையைப் பார்த்திருந்தால் அன்றைய பேர் இல்லை. இரத்மலானையில் 1912இல் தோன்றிய பாடசாலையும், பின்னர் வடக்கே தோன்றிய கைதடி நவீல்ட் பாடசாலையும் கேளாதோர்க்கும் பார்வையற்றோர்க்கும் கல்வி தந்தன. ஆயின் ஹற்றன் மலைத் தாய்க்கு இவ்விரண்டும் எட்டாத் தொலைவே. 1988இல் நுவரெலியாவிலேயே தொடங்கப்பெற்ற மென்கபெப் நிறுவனம், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு அவர்தம் குடும்பங்களையும் கருத்திற் கொண்டமை இவ்வகையில் முக்கியமானது. பிள்ளையை மட்டுமன்றித் தாயையும் நோக்கியது அதன் சிறப்பு.

அதே 1988இல் அரச வேலைகளில் 3 வீதத்தை ஒதுக்கும் சுற்றறிக்கை வந்தது. 1996இல் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. இவை யாவும் வரவேற்கத்தக்கவை. ஆனால் தகைமைச் சான்றிதழ் கோரும் ஒதுக்கீடு, பாடசாலை வாசலையே மிதிக்காதவருக்கு என் செய்யும்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களுக்குள் பணியாற்றத் தடையாயிருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. பாதையற்ற மலையில் சக்கர நாற்காலி எவ்வாறு உருளும்? 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் 8.7 வீதத்தினர் ஏதேனுமோர் இயலாமை உடையோர். ஆகவே இது ஒரு சிலரின் பிரச்சினையன்று.

ஈண்டு நம்மையும் நாம் விமரிசித்துக்கொள்ளல் வேண்டும். தொழிற்சங்கச் சந்தா சம்பளத்திலிருந்தே கழிக்கப்படுகின்றது. பேரற்றவர் சங்கத்திலும் பேரற்றவரே. வர்க்கத்தை உழைக்கும் கைகளைக்கொண்டே எண்ணிய நாமும், அறியாமலே கணக்கப்பிள்ளையின் ஏட்டைப் பின்பற்றிவிட்டோம். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' போன்ற படைப்புக்களைக் கொண்டாடிய நமது திறனாய்வு, கூடை சுமக்க இயலாதவரைத் தன் மையப்பொருளாக்கியதில்லை.

அனுதாபமும் தருமமும் இக்குறையை நிரப்பா. உழைப்பின் அளவே மனிதனின் அளவு என்பது தோட்ட முதலாளியின் கோட்பாடு. அதனை மறுப்பதே நமது கோட்பாடு. லயங்களிலுள்ள முதியோரின் வாய்மொழிகளைத் தேடித் தொகுத்தலும், செக்றோலில் இடம்பெறாதோரின் பேர்களை வரலாற்றிற் பதிதலும் மலையக ஆய்வாளரின் உடனடிப் பணிகளாம். அப்பதிவிலே அரைப்பேருக்கு இடமில்லை.