மறைத்து அளத்தல்: கமோர்ட்டாவிலிருந்து குவேசார் வரை

1875 ஏப்ரல் 6. நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்றான கமோர்ட்டாவில், முழுச் சூரிய கிரகணத்தைக் காண லண்டன் ராயல் சொசைட்டி அனுப்பிய குழு காத்திருந்தது. அதன் பொறுப்பாளர் வேதியியலாளர் ராபேல் மெல்டோலா. ஒளிப்படத் தட்டில் சாயம் சேர்த்தால் அது உணராத நிறங்களையும் உணரும் என்று 1873இல் கண்டறிந்த ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகலும் உடனிருந்தார். கிரகண வேளையில் மேகம் மூடிக்கொண்டது. தட்டுகள் பயன்படவில்லை.

இதைத் தோல்வி என்று எழுதிக் கடந்துவிடலாம். ஆனால் அவர்களை அங்கு வரச்செய்த சிக்கல் இன்றும் வானியலில் உயிரோடிருக்கிறது. சூரிய வட்டின் பேரொளி, அதைச் சூழ்ந்த கொரோனாவின் மங்கிய ஒளியை விழுங்கிவிடுகிறது. ஆகவே மையத்தை மறைத்தாக வேண்டும். நிலவு மறைக்கும் சில நிமிடங்களுக்காகவே அன்று கடல் கடந்தார்கள். 1930இல் பெர்னார் லியோ தொலைநோக்கிக்குள்ளேயே ஒரு மறைவட்டை வைத்துச் செயற்கைக் கிரகணத்தை உருவாக்கினார்.

1963இல் 3சி 273 என்னும் 'விண்மீன்' மிகத் தொலைவிலுள்ளது என்று மார்ட்டன் ஷ்மிட் காட்டியபோது, அதே சிக்கல் பேருருக் கொண்டது. குவேசாரின் ஒளி, அது உறையும் பேரடையின் ஒளியை மூழ்கடிக்கிறது. பலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கிப் படங்களைக் கொண்டு, அருகிலுள்ள குவேசார்களைச் சுற்றி மங்கலான படலம் தெரிவதை 1973இல் ஜெரோம் கிறிஸ்டியன் எடுத்துரைத்தார். பின்னர் ஹபிள் தொலைநோக்கி, லியோவின் வழியிலேயே 3சி 273இன் மையத்தை மறைத்துப் படமெடுத்தது.

மறைவட்டு இல்லாதபோது கழித்தலே வழி. தனி விண்மீன் ஒன்றின் பிம்பம் கருவியில் எவ்வாறு பரவுகிறது என்று அறிந்து, அவ்வடிவத்தைக் குவேசாரின் ஒளிக்கேற்ப அளவிட்டுப் படத்திலிருந்து நீக்குகிறோம். எஞ்சுவதே பேரடையின் ஒளி. அதை ஒளிப்பொலிவெண்ணில் குறிக்கிறோம்: 5 எண் வேறுபாடு 100 மடங்கு ஒளி. இந்த அளவுகோலை 1856இல் முன்மொழிந்த நார்மன் போக்சன், பின்னாளில் சென்னை வானாய்வகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றியவர்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில், பேரண்டத்தின் வயது 100 கோடி ஆண்டுகளை எட்டுமுன் ஒளிர்ந்த இரு குவேசார்களின் பேரடைகள் இம்முறையில் பிரித்தறியப்பட்டன. அந்த ஒளியிலிருந்தே பேரடையிலுள்ள விண்மீன்களின் நிறையை மதிப்பிடுகிறோம். கருந்துளை முந்தி வளர்ந்ததா, பேரடையா என்ற வாதம் அம்மதிப்பீட்டில் நிற்கிறது. கூடுதலாகக் கழித்தால் பேரடை இளைத்துவிடும். குறைவாகக் கழித்தால் இல்லாத விண்மீன்கள் முளைத்துவிடும்.

எனவே மாணவர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரையில் உறைவிடப் பேரடையின் ஒளிப்பொலிவைக் காணும்போது, எண்ணுக்கு முன் ஒன்றைக் கேட்கவேண்டும்: மையம் எவ்வாறு நீக்கப்பட்டது? கமோர்ட்டாவில் மேகம் கலைந்திருந்தால் அன்றைய பதிவை நோக்கியும் இதே வகைக் கேள்வி எழுந்திருக்கும்: தட்டில் விழுந்த ஒளியில் கொரோனாவுடையது எவ்வளவு?