சென்னைப் போர்க் கல்லறைத் தோட்டம்

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்-பூந்தமல்லி சாலையோரம் உள்ள படைவீரர் இடுகாடு. 1952இல் அமைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்த காமன்வெல்த் படையினர் 856 பேர் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம்.

தோற்றம்: இங்கே கிடப்பவர்கள் முதலில் இங்கே புதைக்கப்பட்டவர்கள் அல்லர். போர்முனை பர்மாவில் இருந்தது. தென்னிந்தியா பயிற்சி முகாம்களும் விமான தளங்களும் ராணுவ மருத்துவமனைகளும் நிறைந்த பின்களம். காய்ச்சலாலும் விபத்தாலும் இங்கு மாண்டவர்களை அந்தந்த ஊர்த் தேவாலய வளாகத்திலோ கண்டோன்மெண்ட் இடுகாட்டிலோ அடக்கம் செய்தார்கள். 1947க்குப் பின் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அந்தக் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க உறுதியான ஏற்பாடு இல்லாமல் போயிற்று. எனவே தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்தவற்றைத் தோண்டியெடுத்து ஒரே இடத்தில் மறு அடக்கம் செய்ய இத்தோட்டம் உருவாக்கப்பட்டது. உடல்களைத் தாயகத்துக்கு அனுப்புவது ஆணையத்தின் வழக்கமன்று.

1917இல் ஃபேபியன் வேர் என்பவரின் முயற்சியால் அரச சாசனம் பெற்று உருவான இந்த ஆணையம், 1960 வரை இம்பீரியல் என்ற அடைமொழியைத் தாங்கியிருந்தது. பதவி, இனம், மதம் பாராது எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்பது அதன் கொள்கை. கல்லில் படைப்பிரிவின் சின்னம், படை எண், பதவி, பெயர், இறந்த நாள், வயது. அடியில் குடும்பத்தார் விரும்பினால் ஒரு வரி. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் இதில் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசியப் படையினர் பலருக்கு இக்கொள்கை எட்டவில்லை என்பதை 2021இல் ஆணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களாக ஆணையம் கணக்கில் சேர்க்கும் காலம் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. போர் முடிந்தபின் பணியில் இருந்தபடியே நோயில் இறந்தவருக்கும் இதனால் இடம் உண்டு.

நினைவுச் சின்னம்: தோட்டத்தின் பின்புறம் 1914-1918 மதராஸ் போர் நினைவுச் சின்னம் உள்ளது. இந்தியாவின் பல இடுகாடுகளில் பராமரிக்க முடியாமற்போன கல்லறைகளுக்குரிய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இதில் பொறிக்கப்பட்டுள்ளன. தகனம் செய்யப்பட்ட இந்து வீரர்களுக்குக் கல்லறை கிடையாது. இரண்டாம் உலகப் போரில் இறந்த, பிரிக்கப்படாத இந்தியாவின் 25,000க்கும் மேற்பட்ட படையினரை தில்லி, கராச்சி நினைவுச் சின்னங்கள் நினைவுகூர்கின்றன. தமிழ் வீரர்களைத் தேடுவோர் அங்கும் பார்க்க வேண்டும்.

இன்று: புல்வெளியும் பூச்செடிகளும் செம்மையாக உள்ளன. நவம்பரில் நினைவு நாள் அஞ்சலி நடைபெறுகிறது. இறந்தவரின் பெயர் தெரிந்தால், ஆணையத்தின் பதிவேட்டில் கல்லறை எண்ணைக் கண்டறியலாம்.