பல்லுக்கொழுக்கட்டையும் பற்சிகிச்சையும்



குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் நம் இல்லங்களில் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கின்றோம். பல்போல நறுக்கிய தேங்காய்ச் சொட்டை அதன் விளிம்பிற் பதித்து, குழந்தையின் தலைமேற் சொரிகின்றோம். ஏடும் எழுதுகோலும் பொன்னும் முன்வைத்து, எதை எடுக்கின்றதெனப் பார்த்து மகிழ்கின்றோம். இவ்வாறு வரவேற்ற பல்லைப் பேணும் பொதுப்பணி எவ்வாறு தோன்றிற்று?

முதலாம் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது, நியூசிலாந்து இளைஞர் பலரின் பற்கள் பெரிதுங் கெட்டிருந்தமை தெரியவந்தது. சிறுவயதிலேயே தடுக்கவேண்டுமென்று கருதிய தோமஸ் ஹண்டர் என்னும் பல் வைத்தியரின் முயற்சியால், 1921 ஆம் ஆண்டில் வெலிங்டனிற் பாடசாலைப் பல் தாதியருக்குப் பயிற்சி தொடங்கிற்று. 1951 இற் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் வழியே அந்நாட்டின் உதவி இலங்கைக்கும் கிட்டியது. 1950களில் மகரகமையிற் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்னும் பணியினர் இவ்வாறே நமக்குக் கிடைத்தனர்.

பெரும் பணிதான் அது. ஆயினும் அதன் பெயரே அதன் எல்லையையுங் காட்டுகின்றது. அது பாடசாலை வாயிலிலே தொடங்குகின்றது. குழந்தைக்கோ ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் முளைக்கின்றது. மூன்று வயதளவில் இருபது பாற்பற்களும் நிறைகின்றன. இனிப்புப் பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்குங் குழந்தையின் பல்லைக் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அரிக்கின்றது. முதலாந் தரத்துப் பிள்ளைகளின் வாயிற் கரிய அடிக்கட்டைகளைக் காணாத ஆசிரியர் அரியர். பல்வலியோடு வந்த பிள்ளைக்கு எழுத்து ஏறுமா?

வன்னியில் இக்குறை இரட்டித்தது. போரினால் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தோர்க்குப் பல்லை நினைக்கப் பொழுதேது? 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது இம்மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். அன்றைய சிறுவர் பலர் இன்று தாய்தந்தையர். பல் கெடுவது இயல்பென அவர்கள் எண்ணினால் அது அவர்தங் குற்றமன்று.

“விழும் பல்தானே” என்பர் சிலர். பாற்பல்லே பின்வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்பது. ஆகவே முதற்பல் தோன்றியதும், முதலாவது பிறந்தநாளுக்கு முன்பே, குழந்தையைப் பற்சிகிச்சை நிலையத்தில் ஒருமுறை காட்டுங்கள். மென்மையான சிறு தூரிகையில் அரிசிமணியளவு புளோரைட்டுப் பற்பசையிட்டு நாளுக்கு இருமுறை துலக்குங்கள். மேலுதட்டை உயர்த்திப் பாருங்கள். ஈறோரத்தில் சுண்ணாம்புபோல் வெண்கோடு தெரிந்தால் அது பற்சிதைவின் முதற்குறியாகலாம். அந்நிலையிற் காட்டினால் தடுத்தல் எளிது.

பல்லுக்கொழுக்கட்டைக்கு நாள் பார்க்கும்போதே பல் வைத்தியரிடம் செல்லும் நாளையுங் குறித்துவிடுங்கள். முன்னோர் தந்த விழா அப்போது முழுமை பெறும்.